ஜி.என். செட்டி ரோட்டில் ஆரம்பித்த ஒரு பி.எஸ்ஸி.

"பி.எஸ்ஸி.யா? அதுவும் கணக்கா? மாப்ளே, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

போன வருடம் ஜூன் மாதம் விழுப்புரத்திலிருந்து மாமனார் போனில் கேட்ட கேள்வி இது. என் மகளுக்கு இங்கே மும்பையிலேயே ஒரு இன்ஜினியரிங் சீட் கிடைக்கிற நிலையில் இருந்தது. முலுண்டில் எங்கள் வீட்டிலிருந்து லோக்கலில் போய்விட்டு சாயங்காலம் திரும்பி விடலாம். அவளோ சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கும் சென்னை மேத்தமேடிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் (சுருக்கமாக சி.எம்.ஐ.) 'கணிதமும் கணினி அறிவியலும்' என்ற மூன்று வருட பி.எஸ்ஸி. ஆனர்ஸ் படிப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். நுழைவுத் தேர்வு எழுதி, பட்டியலில் பெயரும் வந்துவிட்டது.

மாமனாருக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. நான் பி.காம். எனக்குக் கணக்கு என்றால் டெபிட், கிரெடிட், அவ்வளவுதான். ஆனால் அந்த இன்ஸ்டிட்யூட்டின் பெயரைக் கேட்டதும் எனக்குள் ஏதோ நெருடியது. எங்கேயோ, ஏதோ ஒரு காகிதத்தில் பார்த்த பெயர். இரண்டு நாள் கழித்து, அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

அது 2003. வங்கியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மும்பையின் புறநகர்க் கிளை ஒன்றில் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். 2001ல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டம் அப்போதுதான் கிளைகளில் சூடு பிடித்துக் கொண்டிருந்தது. 4 லட்சம் வரை ஈடு எதுவும் வேண்டாம் என்பது அதன் பெரிய வசதி. ஒரு நாள் தானேயில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் வந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, பையன் கணக்கில் புலி சார் என்று ஆரம்பித்து, ஒரு கடிதத்தை நீட்டினார். வகுப்பு நடக்கும் இடம் சென்னை தி.நகர், ஜி.என். செட்டி ரோடு. பட்டம் தருவதோ போபாலில் இருக்கும் மத்தியப் பிரதேச போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்!

எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காகிதம் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவில்லை என்றால் பேனா தானாக நின்றுவிடும். படிப்பது சென்னையில், பட்டம் போபாலில், அதுவும் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், படித்தால் என்ன வேலை என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மேலாளர் ஒரு தடவை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். 'வேலைவாய்ப்பு தெளிவாக இல்லை, பரிந்துரைக்கவில்லை' என்று குறிப்பு எழுதியது நான்தான். என் கையெழுத்துதான்.

அடுத்த வாரம் அந்த மனிதர் மறுபடி வந்தார், நகைக்கடன் கவுண்டருக்கு. என்னைப் பார்த்து, "பரவாயில்ல சார், ஊர்ல கொஞ்சம் நகை கெடந்துச்சு" என்றார். கோபம் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இருபத்தி இரண்டு வருடம் கழித்து அதே படிப்பு என் வீட்டுக்கே வந்து நிற்கிறது. சரி, இந்தத் தடவையாவது விண்ணப்பத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு முடிவு செய்வோம் என்று உட்கார்ந்தேன். சில வாரம் ராத்திரி ராத்திரியாகப் படித்தது, தெரிந்தவர்களிடம் கேட்டது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு. பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாமா என்று யோசிக்கிற, என்னைப் போல வெளி மாநிலத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு உபயோகப்படும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

லயோலாவில் ஒரு பாதிரியார்

இந்தப் படிப்பு தொடங்கியது 1998ல். ஆனால் இதன் வேர் அதற்கு ஐம்பது வருடம் முன்பே, நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியில் இருக்கிறது. அங்கே ஃபாதர் சார்ல்ஸ் ரசீன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், ஏசு சபைப் பாதிரியார், கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பாரிஸில் எலி கார்த்தான் என்ற பெரிய கணித மேதையிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவர். 1937ல் இந்தியா வந்து, முதலில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் பிறகு லயோலாவிலும் பாடம் எடுத்தார். அன்றைக்கு நம் கல்லூரிகளில் நடந்தது பழைய இங்கிலாந்துப் பாடத்திட்டம். தந்திரமான கணக்குகளைப் போட்டுப் போட்டுப் பழகி, பரீட்சையில் அதையே எழுத வேண்டும். ரசீன்தான் பாரிஸில் புதிதாக என்ன நடக்கிறது என்பதைப் பையன்களுக்குச் சொன்னவர். நன்றாகப் படிக்கிறவர்களைப் பார்த்து, நீ பம்பாய்க்குப் போ, டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர் என்று அனுப்பி வைத்தவரும் அவர்தான்.

அப்படி வந்தவர்களில் இரண்டு பேர் சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும். இருவருமே 1932ல் பிறந்தவர்கள். சேஷாத்ரி காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்தவர். நரசிம்மனுக்கு அந்தக் கால வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமம். இரண்டு பேரும் 1953ல் மும்பைக்கு வந்து டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். மும்பையில் இருக்கிற நண்பர்களுக்குச் சொல்கிறேன்: அப்போது அந்த நிறுவனம் கொலாபாவில் கடலோரம் இன்று இருக்கிற கட்டடத்தில் இல்லை. கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் பக்கத்தில் பழைய யாட் கிளப்பில் இருந்தது. கொலாபா கட்டடத்தை நேரு திறந்து வைத்தது 1962ல்தான்.

வேலை தேடி மும்பைக்கு ரயிலேறிய தமிழர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று. கணக்குப் போடுவதற்காக ரயிலேறிய இந்த இரண்டு பேரும் அதே வரிசையில் வந்தவர்கள்தான். 1965ல் இருவரும் சேர்ந்து நிரூபித்த ஒன்று 'நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம்' என்று இன்றைக்கும் உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. அது என்ன என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குப் புரியாது :-) வடிவியல், இயற்கணிதம் என்ற இரண்டு தனித்தனி ஊர்களுக்கு நடுவில் ஒரு பாலம் கட்டியதாக என் மகள் சொல்கிறாள்.

அதே வளாகத்தில் ஒரு கம்ப்யூட்டர்

கணிதமும் கணினியும் ஒரே பட்டத்தில் ஏன் சேர்ந்தன என்று நான் முதலில் குழம்பினேன். ஒன்று காகிதம், இன்னொன்று மிஷின் என்றல்லவா நாம் நினைக்கிறோம்? இதற்கும் மும்பையிலேயே ஒரு பதில் இருக்கிறது.

டாடா நிறுவனத்தில் சேஷாத்ரி வந்த அடுத்த வருடம், 1954ல், ஆர். நரசிம்மன் என்று இன்னொருவர் வந்து சேர்ந்தார் (முன்னால் சொன்ன நரசிம்மன் வேறு, இவர் வேறு). சென்னையில் பிறந்தவர், கிண்டியில் இன்ஜினியரிங் படித்தவர், பிறகு அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அவருடைய குழு 1956ல் ஒரு முன்மாதிரிக் கணினியையும், 1960ல் முழுக் கணினியையும் செய்து முடித்தது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய இந்தக் கணினிக்கு 1962ல் டிஃப்ராக் என்று பெயர் வைத்தார்கள். சுமார் 2,700 வெற்றிடக் குழல்கள், 2,048 சொற்கள் கொள்ளும் நினைவகம். இன்றைக்கு உங்கள் வீட்டு வாஷிங் மிஷினுக்குள் இருக்கும் சில்லு அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். ஆனால் அதைக் கட்டிய குழுவின் தலைவர் படித்தது கணிதம் என்பதைக் கவனியுங்கள். கணினி அறிவியல் என்ற துறையே கணித வகுப்பிலும் மின்னியல் பட்டறையிலும் சேர்ந்து பிறந்த பிள்ளை.

சென்னைப் பக்கமும் ஒரு கதை உண்டு. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்று ஒரு தம்பதியர் பேராசிரியர்களாக இருந்தார்கள். ராணி சிரோமணி கணினி மொழிகளின் இலக்கணத்தை ஆராய்ந்தவர். ஒரு வாக்கியத்தை எழுவாய், பயனிலை என்று விதிப்படி கட்டுகிற மாதிரி, கணினிக்கான மொழிகளையும் விதிகளால் கட்டலாம் என்கிற துறை அது. இவர்கள் இருவரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974ல் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பில் இருந்த சொல் என்ன தெரியுமா? கோலம்! நம் வீட்டு வாசலில் போடும் புள்ளிக் கோலம்தான்.

விஷயம் இதுதான். பெரிய கோலத்தை யாரும் மனப்பாடம் செய்து போடுவதில்லை. சின்ன வடிவம் ஒன்று, அதை எப்படித் திருப்பி, எப்படி அடுக்கிப் பெரிதாக்குவது என்று சில விதிகள், அவ்வளவுதான் கையில் இருக்கும். இந்த விதிகளை எழுதி வைத்தால் அது ஒரு இலக்கணம். இலக்கணம் இருந்தால் கணினி கோலம் போடும். என் அம்மா மார்கழியில் விழுப்புரத்து வாசலில் குனிந்து போட்டுக் கொண்டிருந்தது கணினி அறிவியல் என்று தெரிந்திருந்தால் நான் அன்றைக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்க மாட்டேன்.

பணம் யார் கொடுத்தது?

வங்கிக்காரனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மேதைகள் இருக்கட்டும், வாடகை யார் கட்டினார்கள்?

சென்னையில் இதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. கணிதமேதை ராமானுஜன் 1912ல் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொண்டிருந்தவர், இங்கே எஃப்.ஏ. கூடத் தேறாதவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அவர் பெயரில் 1950ல் அழகப்பச் செட்டியார் தன் சொந்தப் பணத்தில் ஒரு கணித ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். 1957ல் அவர் காலமானதும் நிலையத்துக்குத் தள்ளாட்டம். கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகம் அதை எடுத்துக் கொண்டது. ஒரே ஆள் கையை நம்பி நிற்கிற நிறுவனம் எங்கள் பாஷையில் ரிஸ்க் அதிகமான கணக்கு.

சேஷாத்ரி மும்பையில் முப்பது வருடம் இருந்துவிட்டு 1984ல் சென்னை தரமணிக்கு, கணித அறிவியல் நிறுவனத்துக்குத் திரும்பினார். 1989ல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். ஸ்பிக் தெரியும் அல்லவா, தூத்துக்குடியில் உரம் செய்கிற கம்பெனி. யூரியா விற்ற காசில் கணித ஆராய்ச்சி! கேட்கும்போது வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் நிலத்துக்குப் போடுகிற உரம் எதற்கோ, இதுவும் அதற்குத்தான் என்று வைத்துக் கொள்ளலாம். தி.நகர் ஜி.என். செட்டி ரோட்டில்தான் அந்தப் பள்ளி இயங்கியது. பின்னாளில் பேசப்பட்ட ஒருவர் 1993 முதல் 1995 வரை அங்கே இருந்தார். அவரைப் பற்றிக் கீழே வருகிறேன்.

1996ல் அது தனி நிறுவனமானது. 1998ல் இன்றைய பெயரை வைத்துக் கொண்டது. அதே 1998ல்தான் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் வகுப்பும் தொடங்கியது. (நான் பி.காம். முடித்து வெளியே வந்த அதே வருடம்.) பிறகு மத்திய அரசின் அணுசக்தித் துறையும் வேறு தனியார் அறக்கட்டளைகளும் கை கொடுத்தன. அழகப்பர் நிலையத்துக்கு நேர்ந்தது இதற்கு நேராமல் போனதற்கு, ஒரே தூணில் நிற்காமல் பல தூண்களில் நின்றது ஒரு காரணம் என்பது என் வங்கி மூளைக்குத் தோன்றும் கணிப்பு.

ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஏன் பி.எஸ்ஸி. எடுத்தார்கள்?

இங்கேதான் இந்தக் கதையின் மையம் இருக்கிறது. நம் நாட்டில் ரொம்ப நாளாக ஒரு பிரிவினை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பார்கள், அங்கே இளங்கலை மாணவர்கள் கிடையாது. மாணவர்கள் கல்லூரியில் இருப்பார்கள், அங்கே ஆராய்ச்சி அபூர்வம். பதினேழு பதினெட்டு வயதில், மூளை சுறுசுறுப்பாக இருக்கிற காலத்தில், அந்தத் துறையில் இன்று என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒருவர் முகத்தைப் பார்க்காமலே பெரும்பாலான பிள்ளைகள் படித்து முடித்து விடுகிறார்கள். விதிவிலக்குகள் உண்டு. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1960லேயே பி.ஸ்டாட். ஆரம்பித்து விட்டது.

சேஷாத்ரிக்கு இது தெரியாமல் இருக்குமா? அவருக்குப் பதினெட்டு வயதில் ஒரு ரசீன் கிடைத்தார். கிடைத்ததால் மும்பை, பாரிஸ் என்று போனார். எல்லோருக்கும் அப்படி ஒரு பாதிரியார் கிடைப்பாரா? தற்செயலாகத் தனக்குக் கிடைத்ததை ஒரு வகுப்பறையாகவே செய்து வைத்தார் என்றுதான் நான் இதைப் புரிந்து கொள்கிறேன். தேற்றம் நிரூபித்தவரே முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிற ஏற்பாடு.

சரி, அந்த போபால் பட்டம்? பட்டம் வழங்குகிற அதிகாரம் பல்கலைக்கழகத்துக்குத்தான் உண்டு. புதிதாக முளைத்த ஒரு சின்ன நிறுவனத்துக்கு அது இல்லை. அதனால் போஜ் பல்கலைக்கழகத்துடன் ஒரு ஏற்பாடு செய்து கொண்டார்கள். 2006 டிசம்பரில் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து வரும் வரைக்கும் பட்டம் அங்கேயிருந்துதான் வந்தது. 2005 அக்டோபரில் சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவில் 5 ஏக்கரில் சொந்தக் கட்டடத்துக்குப் போனார்கள்.

தேதிகளைப் பாருங்கள். 1998க்கும் 2006க்கும் நடுவில் எட்டு வருடம். சொந்தப் பட்டம் இல்லை. அதில் பெரும்பகுதி காலம் வளாகமும் இல்லை. அந்த எட்டு வருடமும் யாரோ சில அப்பா அம்மாக்கள் பிள்ளைகளை அனுப்பிக் கொண்டுதான் இருந்தார்கள். இன்றைக்கு என் மகளுக்கு அங்கீகாரம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, கூகுளில் தட்டினால் முன்னாள் மாணவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தெரிகிறது. அந்தத் திருநெல்வேலிக்காரரிடம் இது எதுவுமே இல்லை. பையனின் முகமும் ஒரு கடிதமும்தான் இருந்தன. கடன் மதிப்பீடு செய்வது என் தொழில். அவர் அன்றைக்குச் செய்த மதிப்பீடு என்னுடையதைவிடச் சரியாக இருந்தது.

என்ன படிக்கிறார்கள்?

நுழைவுத் தேர்வு ஒரே ஒரு எழுத்துத் தேர்வு. விடையைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கறுப்பாக்குவதோடு வேலை முடியாது. ஏன் அப்படி என்று பக்கம் பக்கமாக நிரூபித்து எழுத வேண்டும். உள்ளே போனால் இயற்கணிதம், பகுப்பாய்வு, இடவியல் என்று கணிதம் ஒரு பக்கம், நிரலாக்கம், படிமுறைகள், கணிமைக் கோட்பாடு என்று கணினி இன்னொரு பக்கம். முதல் வருடமே ஹாஸ்கெல் என்று ஒரு மொழி. கிட்டத்தட்ட கணிதச் சமன்பாடு மாதிரியே நிரல் எழுதுவார்களாம்.

மேலே ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அவர் மணீந்திர அகர்வால். ஜி.என். செட்டி ரோட்டு நாட்களுக்குப் பிறகு கான்பூர் ஐ.ஐ.டி.க்குப் போய்விட்டார். 2002 ஆகஸ்டில் அவரும், நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்று அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த அவருடைய இரண்டு மாணவர்களும் சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு எண்ணைக் கொடுத்தால் அது பகா எண்ணா இல்லையா என்று, ஊகம் எதுவும் இல்லாமல், எண் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கட்டுக்குள் அடங்குகிற நேரத்தில் கணினி சொல்லிவிடலாம் என்பதற்கு நிரூபணம். உலகமே திரும்பிப் பார்த்தது. இது கணிதமா கணினியா என்று கேட்டால் யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

வங்கிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்ததைப் பார்த்து அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது மகா கஷ்டம். 1977ல் வந்த ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டு இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. இணையப் பணப் பரிமாற்றத்தைக் காத்து வந்த பூட்டுகளில் அது முக்கியமானது. (பகா எண்ணைச் சோதிக்க நடைமுறையில் இன்னும் வேகமான வேறு முறைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தது இவர்கள்.)

தீபாவளிக்கு வந்த ஐங்கோணம்

சேர்த்து விட்டோம். மாமனார் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. முதல் செமஸ்டரில் மகள் போனில் அழுதாள். பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல் ஆளாக இருந்தவள், இங்கே தன்னைவிடக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கணக்கை மூன்று நாள் யோசித்தும் வரவில்லை என்றாள். திரும்பி வந்துடட்டுமா என்று அவள் கேட்கவில்லை. வா என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது, நான் சொல்லவில்லை.

தீபாவளிக்கு வந்தபோது நான் ஆதார் விவரங்களைச் சரிபார்க்கிற வேலையைப் பற்றி அலுத்துக் கொண்டிருந்தேன். ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டினாலும் கம்ப்யூட்டர் ஏற்க மறுக்கிறது என்றேன். அவள் எழுந்து போய், காலி ஹார்லிக்ஸ் அட்டைப் பெட்டியில் ஒரு ஐங்கோணத்தை வெட்டிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"அப்பா, இதைச் சுத்தலாம், இல்ல கவுக்கலாம். எத்தனை விதமா வைக்கலாம் சொல்லுங்க."

எண்ணிப் பார்த்தேன். சுற்றி வைத்தால் ஐந்து, கவிழ்த்துப் போட்டால் இன்னொரு ஐந்து. மொத்தம் பத்து. "0 முதல் 9 வரைக்கும் எத்தனை இலக்கம்?" என்றாள். பத்து. "இப்ப சுத்திட்டுக் கவுத்துப் பாருங்க. அப்புறம் கவுத்துட்டுச் சுத்திப் பாருங்க." இரண்டும் ஒன்றாக வரவில்லை. வரிசை மாறினால் விடை மாறுகிறது. ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் இந்த ஐங்கோணக் கணக்கை வைத்துப் போட்டதாம். வெர்ஹோஃப் என்ற டச்சுக்காரர் 1969ல் கண்டுபிடித்த முறை. ஒரு இலக்கம் தப்பானாலும் பிடித்துவிடும், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினாலும் பிடித்துவிடும். நம் டெபிட் கார்டு எண்ணில் இருக்கிற லூன் முறை இதைவிட எளிது, ஆனால் 09ஐ 90 என்று தட்டினால் அதற்குத் தெரியாது. ஒன்று விட்டு ஒரு இலக்கத்தை இரட்டித்துக் கூட்டுவது அந்த முறை. இரட்டித்து இரண்டு இலக்கமாக வந்தால் அவற்றையும் கூட்டிக் கொள்ள வேண்டும். 9ஐ இரட்டித்தால் 18, ஒன்றும் எட்டும் மறுபடி 9. அதனால் 09, 90 இரண்டுக்கும் ஒரே கூட்டல்.

எனக்கு உடனே ஒன்று ஞாபகம் வந்தது. "எங்க காலத்துல ட்ரையல் பேலன்ஸ் ஒத்துப் போகலைன்னா, வித்தியாசத்தை 9ஆல வகுத்துப் பாப்போம். மீதி இல்லாம வகுபட்டா எங்கேயோ 54ஐ 45ன்னு எழுதியிருக்கான்னு அர்த்தம்" என்றேன். பி.காம். முதல் வருடம் வாத்தியார் சொல்லிக் கொடுத்த வித்தை. இருபத்தைந்து வருடத்தில் நூறு தடவையாவது உபயோகப்படுத்தியிருப்பேன். ஏன் ஒன்பது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அவள் பேனாவை எடுத்து அந்த அட்டையிலேயே இரண்டு வரி எழுதினாள். முதல் இலக்கம் ஒன்று, இரண்டாவது இலக்கம் ஒன்று. சரியான எண் என்பது பத்து மடங்கு முதலாவது கூட்டல் இரண்டாவது. மாற்றி எழுதினால் பத்து மடங்கு இரண்டாவது கூட்டல் முதலாவது. கழித்தால் ஒன்பது மடங்கு அவற்றின் வித்தியாசம். அவ்வளவுதான். நாற்பத்தி ஏழு வயதில் எனக்குப் புரிந்தது.

"அப்பா, இது நல்லா இருக்கு. எங்க கிளாஸ்ல யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள். மூன்று நாள் வராத அந்தக் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பதினோராவது நாள் வந்துச்சுப்பா" என்றாள், சாதாரணமாக.

சேஷாத்ரி 2010 வரை இயக்குநராக இருந்து, 2020 ஜூலையில் காலமானார். கர்நாடக சங்கீதம் நன்றாகப் பாடுவாராம். நரசிம்மன் அடுத்த வருடமே, 2021ல். ரசீன் இறந்தது 1976. அவர் நுங்கம்பாக்கத்தில் ஆரம்பித்து வைத்தது மும்பை வழியாகச் சுற்றி தி.நகருக்கும் சிறுசேரிக்கும் வந்து, என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஹார்லிக்ஸ் அட்டையாக முடிந்திருக்கிறது.

இப்படிப் படித்தால் எல்லாப் பிள்ளைகளும் உருப்படுவார்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கணக்கில் உண்மையிலேயே பைத்தியமாக இருக்கிற பிள்ளைக்குத்தான் இது. மதிப்பெண் நிறைய வாங்குகிறது என்பது மட்டும் போதாது. வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று பார்க்காமல் ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.மேத். படிப்பும் உண்டு.

பி.கு.: என் கிளையில் இப்போது கல்விக்கடன் கேட்டு யாராவது புரியாத ஒரு படிப்பின் பெயரோடு வந்தால், நான் உடனே எழுதுவதில்லை. முதலில் உட்காரச் சொல்லி, பிள்ளையிடம் இது என்ன படிப்பு, நீ சொல்லு என்கிறேன். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன். 2003ல் நான் அந்தப் பையனை ஒரு தடவைகூட வரச் சொல்லவில்லை.